ஜுலேகா மேடமும் அந்த நான்கு மணி நேரமும்

ஞாயிற்றுக்கிழமை காலை அவனியாபுரத்தில் பைக்குக்குப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. டாக்டர் ஜுலேகா காலமானார், அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்று அவருடைய தங்கை மகன் எங்கள் விலங்கியல் துறையின் பழைய ஆட்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். கொஞ்ச நாளாகவே உடம்பு சரியில்லை என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. கீழே கும்பிடும் கைகளும் துஆக்களும் வரிசையாக வந்தன. அவற்றுக்கு நடுவில் ஒருவர், எந்த ஜுலேகா, நாட்டுக்கோழி முட்டை மேடமா என்று கேட்டிருந்தார். ஆமாம், ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டுவிட்டு வாபஸ் வாங்கினாரே, அவர்தான் என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். அதற்கு இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் கோபப்பட வேண்டிய ஆள் அவர்கள் இல்லை. முப்பது ஆண்டு உழைத்த ஒருவரை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள் என்றால், அந்த இரண்டு வரிக்கும் காரணம் நான். கட்டுரையில் நடந்த தவறு என்னுடையது, அவருடையது அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தால் எழுதி முடிப்பதற்குள் மனசு மாறிவிடும், என்னை எனக்குத் தெரியும். அவரை அறிந்த நீங்கள் மற்றதையும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நான் அந்தத் துறையில் தற்காலிக ஆராய்ச்சி உதவியாளனாகச் சேர்ந்தபோது மேடம் இணைப் பேராசிரியர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். முதல் நாளே என் கையில் ஒரு முட்டையைக் கொடுத்தார். இரண்டு நாள் இன்குபேட்டரில் இருந்த முட்டை. ஓட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சன்னல் வெட்டிப் பார்க்கச் சொன்னார். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைக் கீற்று, அதில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. நான் இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள், அது துடிக்கிறதால் கண் அங்கே போகும், நீங்கள் கொஞ்சம் மேலே பாருங்கள் என்றார். மேலே ஒரு குழல், அதன் நுனி மூன்று இடத்தில் புடைத்திருந்தது. முன்மூளை, நடுமூளை, பின்மூளை. ஓர் அரிசியின் நீளம்கூட இல்லாத உடம்பில் மூளைக்குப் பாகப்பிரிவினை முடிந்திருந்தது.

அந்தப் பாகப்பிரிவினைதான் அவருடைய வேலை. உடம்பின் எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே மரபணுக்கள். காலின் சுண்டுவிரலில் இருப்பதும் மூளையில் இருப்பதும் ஒன்றே. அவற்றில் எது, எங்கே, எந்த நேரத்தில் வேலையைத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஓரிடம் விரலாகவும் ஓரிடம் மூளையாகவும் ஆகிறது. மேடத்தின் அத்தா மதுரையின் பழைய நகரப் பகுதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தவர் இவர். ஒருமுறை ஆய்வு நிதி கொடுக்கும் குழுவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், எல்லா மரபணுவும் எல்லாச் செல்லிலும் இருக்கிறது என்றால் நீங்கள் என்னதான் தேடுகிறீர்கள் என்று கொஞ்சம் ஏளனமாகக் கேட்டார். மேடம் அசரவில்லை. "எங்க தெருவுல எல்லாக் கடையும் எப்பவும் இருக்கு சார். காலையில எந்த ஷட்டர் எப்பத் தூக்குறாங்கன்னு பாத்தாத்தான் தெரு எப்படி நடக்குதுன்னு தெரியும். நான் ஷட்டரைப் பாக்குறேன்" என்றார். நிதி வந்தது. அந்த நிதியில்தான் எனக்குச் சம்பளம்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த ஷட்டர் ஒன்றே ஒன்றுதான். கருவின் மூளைக் குழலில் முன்பக்கம் ஒரு மரபணு வேலை செய்யும், பின்பக்கம் இன்னொன்று. இரண்டும் ஒன்றை ஒன்று அண்டவிடாது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில், நடுமூளைக்கும் பின்மூளைக்கும் நடுவே, ஒரு வரப்பு உண்டாகிறது. அந்த வரப்பில் மூன்றாவதாக ஒரு மரபணு விழித்துக்கொண்டு, இரண்டு பக்கத்துச் செல்களுக்கும் நீ இதுவாகு, நீ அதுவாகு என்று சேதி அனுப்பும். வரப்பு கொஞ்சம் தள்ளிப்போனால் ஒரு பக்கத்து மூளை சிறுத்து மறுபக்கம் பெருத்துவிடும். அந்த மூன்றாவது மரபணு விழிக்கும் நேரத்தை நாங்கள் கருவுக்கு நிறமேற்றிக் கண்டுபிடிப்போம். அது வேலை செய்யும் இடம் மட்டும் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு மெல்லிய பட்டையாகத் தெரியும்.

நிறம் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சீக்கிரம் எடுத்துவிட்டால் பட்டை தெரியாது, விட்டுவிட்டால் கரு முழுவதும் ஊதாவாகிவிடும். ஒருநாள் அவருடைய அக்கா மகளுக்கு நிக்காஹ். நிறத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று சொன்னேன். போனார். பன்னிரண்டு மணி வாக்கில் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாகத் திரும்பி வந்து, கையுறையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். நம்பிக்கை இருக்கிறது, ஆனால் கண் என்னுடையதாக இருக்கட்டும் என்றார். பிரியாணி ஆறிவிடும் என்று வீட்டிலிருந்து மூன்று முறை போன் வந்தது. மூன்றாவது போனுக்கு, "இந்தா வாரேன், பட்டை தெரிஞ்சிருச்சு" என்று பதில் சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் முட்டை விஷயத்தில் மட்டும் என் கண்ணை நம்பினார். நாட்டுக்கோழியின் கருவையும் பண்ணை வெள்ளைக்கோழியின் கருவையும் ஒப்பிட வேண்டும் என்பது திட்டம். பண்ணை முட்டைகளைக் கம்பெனி வண்டியே விடியற்காலையில் குளிர்பெட்டியில் கொண்டுவந்து இறக்கிவிடும். நாட்டுக்கோழி முட்டைக்கு வாடிப்பட்டிப் பக்கம் பேச்சியம்மாள் என்ற விவசாய வீட்டுப் பெண்மணி. சேவலோடு விட்டு வளர்த்த கோழிகள், முட்டையில் கரு இருப்பதற்கு உத்தரவாதம். வியாழக்கிழமைதோறும் பைக்கில் போய், அன்றைக்கு இட்ட முட்டைகளைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுவருவது என் பொறுப்பு. ஐஸ் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும், அதனால் நேரே வந்துவிடுங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். அவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

நான் நேரே வரவில்லை. வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் சமயநல்லூர். அங்கே என் அக்கா வீடு, பதினொரு மணிக்கெல்லாம் போய்விடுவேன். அக்காவின் கைப்பக்குவத்தை வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு என்று நினைத்துவிடாதீர்கள், விதி அம்புட்டுக் குறும்பு செய்யவில்லை. கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டால் தூக்கம் வரும், தூங்கி எழுந்தால் பிற்பகல் மூன்று மூன்றரை ஆகியிருக்கும். பெட்டி வாசலில் தகரக் கொட்டகையில் நிற்கும் பைக்கின் மேலேயே இருக்கும், ஐஸ் எப்போதோ கரைந்திருக்கும். ஒரு வாரம் இரண்டு வாரம் அல்ல. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும், வியாழக்கிழமை தவறாமல் இதுதான் நடந்தது. முட்டை உடையாமல் வந்து சேர்ந்தால் கடமை முடிந்தது என்று நினைத்தேன். ஆராய்ச்சி உதவியாளன் நினைக்கக்கூடிய நினைப்பா இது என்று கேட்டால், இல்லைதான்.

ஆனி மாதம் முடிவு தெரிந்தது. இன்குபேட்டரில் வைத்த நேரத்திலிருந்து கணக்கிட்டால், நாட்டுக்கோழிக் கருவில் அந்தப் பட்டை ஏறத்தாழ நான்கு மணி நேரம் முன்னதாகவே தோன்றியது. முதுகின் இருபுறமும் ஜோடி ஜோடியாக வரும் கட்டிகளும் வெள்ளைக்கோழியைவிடக் கூடுதலாக இருந்தன. அந்தக் கட்டிகளை எண்ணித்தான் எங்கள் தொழிலில் கருவின் வயதைச் சொல்வோம். அவை கூடுதலாக இருந்ததைப் பார்த்ததுமே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில், நாட்டுக்கோழிக் கரு மொத்தமாகவே வேகமாக வளர்கிறது என்று அதையும் சான்றாகச் சேர்த்துக்கொண்டோம். கட்டுரை வெளியானது. மேடத்தின் பெயர் முதலில், என் பெயர் அடுத்து.

அதன் பிறகு நடந்த கூத்தை மதுரையில்தான் பார்க்க முடியும். நாட்டுக்கோழிக்கு மூளை சீக்கிரம் வளர்கிறது என்று ஒரு செய்தித்தாள் போட்டது. மூளை அதிகம் என்று அடுத்தது போட்டது. அவனியாபுரத்து டீக்கடையில், "நம்ம ஊருச் சேவலுக்கு அறிவு சாஸ்தின்னு சயின்டிஸ்டே சொல்லிட்டாங்க மாப்ள" என்று ஒருவர் பேசியதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தக் கட்டுரையை எழுதியதில் நானும் ஒருவன் என்று சொல்லி ஓசியில் ஒரு டீ குடித்தேன். மேடத்துக்கு அழைப்புகள் வந்தன, ஒரு சால்வை வந்தது. பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. சால்வையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, வேறு பருவத்தில் ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் பாண்டி என்றார். யாரும் கேட்காத சோதனை அது. செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கு வரைக்கும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

மார்கழியில் செய்தோம். நான் வழக்கம்போல வாடிப்பட்டி போனேன், வழக்கம்போல அக்கா வீட்டில் சாப்பிட்டுத் தூங்கினேன். ஆனால் நான்கு மணி நேர வித்தியாசம் காணாமல் போயிருந்தது. இரண்டு கோழிக் கருவிலும் பட்டை ஒரே நேரத்தில் தெரிந்தது. மேடம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அப்படியே குனிந்தபடி கேட்டார்.

"பாண்டி, கோடையில முட்டை கொண்டு வாரப்ப வழியில எங்கயும் நின்னீங்களா?"

"இல்ல மேடம். நேராத்தான் வந்தேன்."

"சரி."

அந்த நிமிடத்தில் எனக்கு அறிவியல் எதுவும் ஓடவில்லை. வேலை நேரத்தில் தூங்கியது தெரிந்துவிடுமே என்ற பயம் மட்டும்தான். பள்ளிக்கூடத்துப் பையன் சொல்லும் பொய்யை முப்பது வயதை நெருங்கும் நான் சொன்னேன். அவர் எதற்காகக் கேட்டார் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. கரு வளரத் தொடங்குவது இன்குபேட்டரில் வைத்த நேரத்திலிருந்து அல்ல, சூடு பட்ட நேரத்திலிருந்து. அடை வைக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம் இது. இன்குபேட்டரின் சூடு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் சித்திரை மாதத்தில் சமயநல்லூர்த் தகரக் கொட்டகையின் சூடும்.

அடுத்த கோடை வரும்வரை மேடம் காத்திருந்தார். கத்திரி வெயில் தொடங்கியதும் ஒருநாள் முட்டைகளைத் தட்டில் அடுக்கி, துறையின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த தகரத்தின் கீழே வைத்தார். தலையில் ஈரத்துண்டு, கையில் தெர்மாமீட்டர், நான்கு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டு நாட்டுக்கோழி, ஒரு தட்டு வெள்ளைக்கோழி. இதேபோல இரண்டு தட்டுகளைக் கீழே குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக இன்குபேட்டரில் வைத்து, எடுத்து, நிறமேற்றினோம். மாடிக்குப் போய்வந்த முட்டைகளில் எல்லாம், எந்தக் கோழியானாலும், பட்டை முன்னதாகவே இருந்தது. கீழே இருந்தவற்றில் இல்லை. மேடம் நிமிர்ந்து உட்கார்ந்து, "நம்ம மாடியில நாலு மணி நேரம் இருந்தா எந்தக் கோழியும் நாட்டுக்கோழிதான்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அது எனக்காக விட்ட இடைவெளி என்று இன்றைக்குத் தெரிகிறது. நான் தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன்.

அன்றே கட்டுரையை வாபஸ் வாங்கக் கடிதம் எழுதினார். முட்டைகள் ஆய்வகத்துக்கு வந்துசேர்ந்த விதத்தைச் சரிபார்க்காதது தன் தவறு, அந்தப் பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று அதில் இருந்தது. என்னிடம் நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். படித்தேன், போட்டேன். பேனா எழுதவில்லை என்று அவருடைய பேனாவையே வாங்கிப் போட்டேன். நேர்காணலில் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். யார் முட்டை கொண்டுவந்தது, அந்த ஆள்மேல் ஏன் நடவடிக்கை இல்லை என்றும் கேட்டிருக்கிறார்கள். முட்டை தன் பொறுப்பு என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று நேர்காணல் குழுவில் இருந்த ஒருவர் பின்னால் என்னிடம் சொன்னார். பேராசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. இணைப் பேராசிரியராகவே அவர் ஓய்வு பெற்றார். எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது, ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது, இப்போது வீடும் கட்டிவிட்டேன்.

அந்த வாபஸுக்குப் பிறகு அவரை ஊர் விட்டுவைக்கவில்லை. போன வருடம் சேவலுக்கு அறிவு என்று கொண்டாடிய அதே ஆட்கள், யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு நம்ம கோழியை மட்டம் தட்டிவிட்டார் என்று பேசினார்கள். மேடம் காதில் விழுந்தது. "கோழிக்கு மானநஷ்டம்னா கோழி வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். இந்தச் சொல்லை நான் பல இடங்களில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிரித்தவர்கள் யாருக்கும் மீதிக் கதை தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்பு, ரமலானில் ஒருநாள் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். பஸ்ஸில் வாக்கியங்களை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன், அவ்வளவும் நல்ல வாக்கியங்கள். பாத்திரக்கடைக்கு மேலே அதே மாடி வீடு. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் கொடுத்தார், கஞ்சியும் வடையும் வைத்தார். என் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார், இப்போது யார் என்ன மரபணுவைப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கப்போன நேரத்தில் அவர் கேட்டார்.

"ஒங்க அக்கா இன்னும் சமயநல்லூர்லதான் இருக்காங்களா?"

"ஆமா மேடம்."

"நல்லாச் சமைப்பாங்களாமே. கேட்டதாச் சொல்லுங்க. கஞ்சி ஆறுது, குடிங்க."

எனக்கு ஓர் அக்கா உண்டு என்பதையே நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னது பேச்சியம்மாளாகத்தான் இருக்க வேண்டும். முட்டை வாங்கும்போதெல்லாம் அக்கா வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அந்தம்மாவிடம்தான் பீற்றிக்கொள்வேன். அந்த மார்கழியில், நான் பொய் சொன்ன மறுவாரம், மேடம் தனியாக பஸ் ஏறி வாடிப்பட்டிக்குப் போய்வந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அப்படியானால் கடிதம் எழுதும்போதே அவருக்குத் தெரியும். கையெழுத்துக்கு என்னிடம் நீட்டியபோதும் தெரியும். கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அவருக்கே தெரியும் என்றால் இனி யாரிடம் சொல்வது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்ததால் அவர் பெயருக்கு என்ன லாபம் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மையவாடியில் மற்றவர்களைப் போல நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். பெரிதாக அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலியும் இன்னொரு கையெழுத்தாகிவிடும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு தாள். வாபஸுக்குப் பிறகு அவரே கையால் கோடு போட்டுத் தயாரித்தது, முட்டை வரும்போதெல்லாம் நிரப்ப வேண்டியது. கொண்டுவந்தவர், புறப்பட்ட நேரம், வந்த நேரம், வெயில், கடைசியில் "வழியில் நின்ற இடம்". எதற்கு இந்தக் கடைசிக் கட்டம் என்று அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் ஆய்வகத்திலும் அதே தாளைத்தான் இன்றுவரை நகல் எடுத்துப் பயன்படுத்துகிறோம். கடைசிக் கட்டத்தில் எல்லோரும் "இல்லை" என்று எழுதுவது வழக்கம். திங்கட்கிழமை காலை புதிதாக ஒரு தாளை எடுத்து, அந்தச் சித்திரை, வைகாசி மாத முட்டைகளுக்காக நிரப்பினேன். கொண்டுவந்தவர்: தங்கப்பாண்டி. வழியில் நின்ற இடம்: சமயநல்லூர், அக்கா வீடு. பக்கத்திலேயே நான் சேர்த்தது, நின்ற நேரம்: நான்கு மணி நேரம். கையெழுத்துப் போட்டு, நகல்கள் எடுத்து, ஒன்றைத் துறைக்கும் ஒன்றைக் கட்டுரை வெளியான இதழுக்கும் அனுப்பிவிட்டேன். இன்னொன்றைப் படமெடுத்து அந்த வாட்ஸப் குழுவிலும் போட்டிருக்கிறேன். நேற்று வரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.